வாங்கும் கை

மாசி 19, செவ்வாய்

எனக்கு எழுத்து வராது. கழுகாசலம் என்று என் பேரைப் போடக்கூட வராது, கைநாட்டுதான். டாக்டரம்மா இன்று காலையில் சொல்லிவிட்டார்: "பெரியவரே, உங்க வீட்டம்மாவுக்கு எப்ப இமை விழுது, எப்ப முழுங்க முடியலை, எப்ப குரல் கம்முது, எல்லாத்தையும் தினமும் எழுதி வைங்க." எழுத வராதே என்றேன். எழுத வருகிறவர்களை வைத்து எழுதுங்க என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டிலில் கிடக்கிற தன் அக்காவுக்குத் துணையிருப்பது ரூத்தம்மா. பால்வாடி டீச்சராக இருந்தவர். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் எழுதுறேன்" என்றார். அதனால் நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார்.

என் வீட்டுக்காரி சீனியம்மாள். காலையில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. சாப்பாட்டு வண்டி வருவதற்குள் இடது இமை விழுந்துவிட்டது. இட்லி பாதிதான் இறங்கியது. தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. நாலு வார்த்தை பேசினால் அஞ்சாவது வார்த்தை வெறும் காற்று.

போதுமா என்று கேட்டேன். எப்போதிருந்து இப்படி என்று ரூத்தம்மா கேட்டார். ஐப்பசியிலிருந்து என்றேன். ஐப்பசியில் என்ன நடந்தது என்றார். எங்க பையன் செத்தான், பைபாசில் லாரி அடித்துவிட்டது என்றேன். ரூத்தம்மா பேனாவை மடியில் வைத்துவிட்டார். எழுதுங்க, டீக்காரன் வந்துருவான் என்றேன்.

மாசி 20, புதன்

சின்ன டாக்டர் ஒருத்தர் கை உறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு முடிந்து கொண்டுவந்தார். அதைச் சீனியம்மாளின் இடது கண்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். விழுந்து கிடந்த இமை கடை ஷட்டர் மாதிரி மேலே ஏறியது.

"ஐஸ் வச்சா சரியாயிருமா சார்?" என்றேன்.

"சரியாகாது பெரியவரே. என்ன வியாதின்னு இதை வச்சுத் தெரிஞ்சுக்கிடலாம்."

ரூத்தம்மாவின் அக்கா படுத்தபடியே சொன்னாள்: "சீனி மதினி, ஒரு குச்சி ஐஸ்காரனைக் கட்டியிருந்தா இத்தனை நாள் கண்ணு தொறந்தே இருந்திருக்கும்." வார்டே சிரித்தது. சீனியம்மாளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். மேலுதடு மட்டும் மேலே ஏறிப் பல்லு தெரிந்தது, ஓரம் ரெண்டும் அப்படியே கிடந்தது. நாய் உறுமுகிற மாதிரி. அடுத்த கட்டில்காரி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான்.

இமை கொஞ்ச நேரத்தில் திரும்ப விழுந்தது. ராத்திரிக் கஞ்சி இறங்கவில்லை.

மாசி 22, வெள்ளி

இன்று ஒரு ஊசி போட்டார்கள். போட்டுவிட்டு டாக்டரம்மா கட்டில் பக்கத்திலேயே நின்றார். முதலில் நெற்றி அசைந்தது. அப்புறம் ரெண்டு இமையும். அப்புறம் கன்னம். மூஞ்சியை வெளியூருக்கு அனுப்பி வைத்திருந்த மாதிரியும், அது இப்போதுதான் பஸ் இறங்கி வருகிற மாதிரியும் இருந்தது.

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இந்தாருங்க" என்றாள். குரல் மூக்கிலிருந்து வரவில்லை, தொண்டையிலிருந்து வந்தது. "செம்பாவை வரச் சொல்லுங்க."

செம்பா எங்கள் மருமகள் செண்பகவல்லி. கார்த்திகையில் எட்டயபுரம் பக்கம் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

"என்னத்துக்கு?"

"அவளைக் கட்டி அழணும். அன்னைக்கு முடியலை. ஒரு தடவை முழுசா அழுதுட்டேன்னா போதும். அப்புறம் நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி."

டாக்டரம்மா தன் குறிப்பில் ஏதோ எழுதினார். சீனியம்மாள் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். ஒரு சொட்டுகூட மூக்கில் வரவில்லை. இட்லி ரெண்டு தின்றாள். பல் தேய்த்தாள். முந்தியை உதறிச் சரி பண்ணினாள். அதற்குள் ஊசியின் வேகம் அடங்கி, வந்த முகம் ஒவ்வொரு இடமாக மூடிக்கொண்டு போய்விட்டது.

ரூத்தம்மா கேட்கிறார், உங்களுக்கு எப்படி இருந்தது என்று. எனக்கு என்ன? நான் தட்டுக் கழுவினேன்.

மாசி 23, சனி

டாக்டரம்மா எனக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கேட்டது எனக்கு மறக்காது.

"பெரியவரே, உடம்புல ஒரு துணுக்கு இன்னொரு துணுக்கோட பேசுறது வாயால இல்லை. நரம்பு நுனியில இருந்து ஒரு ரசம் சொட்டும். எதிர்ல தசை இருக்கு. அந்த ரசத்தை வாங்குறதுக்குன்னே தசைமேல நுணுக்கமா கை மாதிரி இருக்கும். ஏற்பின்னு பேரு. அந்தக் கையில ரசம் வந்து உக்காந்தாத்தான் தசைக்கு, ஓ, நம்மளைக் கூப்பிடுறாங்கன்னு தெரியும். இமையைத் தூக்கும். முழுங்கும். சிரிக்கும்."

"இவளுக்கு ரசம் ஊறலையா?"

"நல்லா ஊறுது. நரம்பு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு. நோயை விரட்டுறதுக்குன்னு இவங்க உடம்புல இருக்கிற காவல்காரங்களே ஆள் தெரியாம அந்தக் கைகளை மறிச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. பாதிக் கையை உடைச்சும் போட்டுட்டாங்க. மிச்சம் இருக்கிற கை கொஞ்சம். காலையில அது போதும். வேலை செய்யச் செய்யப் போதாது."

நான் கிணறு வெட்டின ஆள். முப்பது வருசம் கரிசல் காட்டில் பாறை உடைத்திருக்கிறேன். அடியில் இருக்கிறவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே கயிற்றில் கை வைத்திருக்கிறவளுக்கு அது தெரியணும். தெரிந்தால்தான் கூடை ஏறும். மேலே கை வைத்திருந்தது எப்போதும் சீனியம்மாள்தான். வேறு ஆள் நின்றால் நான் இறங்க மாட்டேன். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"அதேதான். சுண்டுறது நின்னுபோகலை. கை மரத்துப்போச்சு" என்றார்.

"மாத்திரை என்ன செய்யும்?"

"கொட்டின ரசத்தை உடனே கூட்டிப் பெருக்க ஒரு ஆள் இருக்கான். மாத்திரை அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். ரசம் கூடுதல் நேரம் கிடக்கும், மிச்சக் கைக்கு எட்டும். மாத்திரை போட்டு அரை மணி நேரத்துல வேலை செய்யும், மூணு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள சாப்பாட்டைக் குடுத்துரணும். காவல்காரங்களை அடக்குற மருந்து வேற இருக்கு. அது வேலை செய்ய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் நெஞ்சு பலவீனமாயிராமப் பாத்துக்கிடணும். மூச்சும் தசைதானே இழுக்குது."

"அனுப்புறது அனுப்பிக்கிட்டே இருக்கு, வாங்குற இடத்துல விழமாட்டேங்குது. இது எல்லாருக்கும் வருமா?"

"எல்லாருக்கும் வராது. ஏன், உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலை" என்றேன்.

மாசி 25, திங்கள்

மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். காலை மாத்திரைக்குப் பிறகு மூன்று இட்லி. மத்தியானம் மோர்ச் சோறு முழுக்க. நல்லது.

அன்றைக்கு என்ன முடியாமல் போனது என்று ரூத்தம்மா கேட்டார். எழுதினால் பலகீனம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டருக்கும் தெரியுமே என்றார். சரி.

பையனைக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தியிருந்தது. பெண்டுகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருத்தரை ஒருத்தர் தோளில் கட்டிக்கொண்டு பாட்டாகச் சொல்லித்தான் அழுவார்கள். பெற்றவள்தான் முதலில் எடுத்துக் கொடுக்கணும். சீனியம்மாள் செம்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

வண்டிச் சத்தம் கேக்குமுன்னு வாசத்தண்ணி தெளிச்சு வச்சேன்
வந்த வண்டி ஆம்புலன்சு, வாசல் ஈரம் காயலையே

அது வரைக்கும் சரி. அடுத்த அடி எடுக்கையில் குரல் மூக்குக்குள் போனது. யாரோ யாரையோ பழித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு சத்தமே இல்லை. கையும் தோளிலிருந்து நழுவியது. முகத்தில் மேலுதடு ஏறிப் பல் தெரிந்தது. கண் பாதி செருகி, ஏதோ எகத்தாளமாகப் பார்க்கிற மாதிரி.

என் சின்னையா மகள்தான் முதலில் சொன்னாள். "பெத்த பிள்ளை பிணத்துக்கு முன்னால சிரிக்காளே, பாத்தீங்களா?" பந்தலுக்குள் அது ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. செம்பா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அவள் அம்மாவோடு வண்டி ஏறினாள்.

நானும் பார்த்தேன். எதிரே தூணில்தான் சாய்ந்து நின்றேன்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு கொஞ்சம் குறைவு. எனக்குத் தொழுவத்தில் கட்டில் போட்டுக்கொண்டேன், அங்கே காற்று வரும். அவள் கஞ்சியை மூக்கால் விடுவாள். வேணும்னு செய்கிறாள் என்று ஆட்கள் சொன்னார்கள். தைக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் இங்கே கூட்டி வந்தது.

"ஆட்கள் சொன்னாங்க, சரி. நீங்க என்ன நினைச்சீங்க அண்ணாச்சி?" என்று ரூத்தம்மா கேட்டார்.

இன்றைக்கு இது போதும்.

மாசி 26, செவ்வாய்

நாலு வேளை மாத்திரை. நாலு வேளையும் கஞ்சி இறங்கியது. எனக்கு டீயில் நாக்கு வெந்திருக்கிறது. குடிக்கும்போது தெரியவில்லை.

மாசி 28, வியாழன்

ரூத்தம்மா போன் போட்டுக் கொடுத்தார். செம்பாதான் எடுத்தாள்.

"நான் மாமா பேசுறேன் தாயி."

"சொல்லுங்க."

"அத்தை ஆஸ்பத்திரியில இருக்கா. உன்னையப் பாக்கணும்ங்கா. கட்டி அழணுமாம்."

அந்தப் பக்கம் அவள் வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் இரைச்சல் கேட்டது. பிறகு, "எதுக்கு மாமா? விட்ட சிரிப்பைச் சிரிச்சு முடிக்கவா?" என்றாள்.

"அது வியாதி."

"செத்த வீட்டுல சிரிச்சதுக்கு நாலு மாசம் கழிச்சு ஒரு வியாதி வரும் போல" என்றாள். ரூத்தம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "மகளே, நான் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருக்கிறவ. நீ நம்ப வேண்டாம். வந்து கண்ணால பாத்துட்டுப் போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு, வருகிறேன் என்றாளாம்.

சீனியம்மாளிடம் சொன்னேன். கண் மூடியே இருந்தது. விரல் மட்டும் போர்வையைப் பிடித்தது.

மாசி 30, சனி

காலையில் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சோறு ஊட்டப் போனேன். வாயைத் திறக்கவில்லை.

"ஏளா, இப்பத் தின்னாத்தான் உண்டு."

"இருங்க. எவ்வளவு நேரம் குரல் நிக்குதுன்னு பாத்துக்கிடுதேன்" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே பாட்டை ஓட்டிப் பார்த்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. மூன்றாவது சுற்றில் குரல் கம்மிவிட்டது. அதற்குப் பிறகு சோறும் இறங்கவில்லை. புரை ஏறி உதடு கறுத்து, நர்ஸ் ஓடிவந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தார்.

நர்ஸ் என்னைத்தான் திட்டினார். "தாத்தா, நெஞ்சுல சோறு இறங்குனா மூச்சு மிஷின்லதான் கொண்டு போய் வைக்கணும். அதுல வச்சா எப்ப எடுப்பாங்கன்னு யாரும் சொல்ல முடியாது. மாத்திரை நேரத்துல பேச்சுக் கச்சேரி வேண்டாம்னு சொல்லுங்க."

சொன்னேன். சீனியம்மாள் என் கையில் விரலால் ஏதோ கீறினாள். நாளைக்கு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பங்குனி 1, ஞாயிறு

மத்தியான மாத்திரையைச் செம்பா வருகிற நேரத்துக்குச் சரியாகப் போட்டோம். பத்தரை மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று போன் வந்ததும் போட்டது. இமை ஏறியது. முகம் வந்தது. தலை வாரச் சொன்னாள். ரூத்தம்மா வாரிவிட்டார். கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பஸ் வழியில் நின்றுபோனதாம். வேறு பஸ் மாறி வருகிறாளாம்.

காத்திருந்தோம். சோறு தின்னு என்றேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். முதலில் நெற்றி அடங்கியது. பிறகு இடது இமை. நர்ஸிடம் போய் இன்னொரு மாத்திரை கேட்டேன்.

"கூடாது தாத்தா. கூடிப்போனா எச்சில் ஒழுகும், கண்ணுல தண்ணி கொட்டும், வயிறு பிடுங்கும். ரசம் கூடக் கூடக் கையெல்லாம் திணறிப்போய், இப்ப இருக்கிற பலமும் போயிரும். கம்மியானாலும் இதுதான், கூடினாலும் இதுதான்."

செம்பா வந்தபோது முகம் முழுக்க மூடிவிட்டது. இளைத்திருந்தாள். கையில் சாத்துக்குடிப் பை. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். சீனியம்மாள் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேலுதடு மட்டும் ஏறியது.

அதே முகம்.

"பாத்தாச்சு மாமா. கிளம்புறேன்."

"நில்லு தாயி." என் குரல்தான், எனக்கே தூரத்தில் கேட்டது. "அது சிரிப்பில்ல. அவ உன்னையக் கூப்பிடுதா. உள்ளேயிருந்து கூப்பாடு வருது. ரசம் சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு. வாங்குற இடத்துல கை இல்ல. பையனைப் போட்டுருந்த அன்னைக்கும் அதுதான். கன்னத்துக்குப் போகல. குரலுக்குப் போகல. அங்க போக வேண்டியதெல்லாம் வழியிலேயே நிக்குது. நெஞ்சுல இருக்கிறது முகத்துக்கு வரலை, அவ்வளவுதான்."

இவ்வளவு நான் யாரிடமும் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

செம்பா கட்டிலருகே வந்தாள். குனிந்து, ஒரு விரலால் சீனியம்மாளின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கண்ணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நனைந்திருந்தது. செம்பா விரலை எடுக்கவில்லை. அப்படியே நெடுநேரம் பிடித்திருந்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

"அத்தைக்கு வியாதி" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "உங்களுக்கு என்ன மாமா? நீங்களும்தான் அன்னைக்குத் தூணுல சாஞ்சு நின்னீங்க. ஒரு சொட்டு வரலையே. உங்களைப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்லலை."

வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வரிசை இருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோதும் நின்றுகொண்டிருந்தேன் போல. பின்னால் நின்றவன், "பெரியவரே, தண்ணி நிறைஞ்சு வழியுது" என்றான்.

செம்பா லீவு சொல்லிவிட்டு இன்று இங்கே தங்குகிறாள்.

பங்குனி 2, திங்கள்

காலை மாத்திரை. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வார்டு வாசலில் நின்றேன். உள்ளே அழுகை ஆரம்பித்துவிட்டது.

நர்ஸ் வேகமாக வந்தார். கஞ்சி எங்கே, ஊட்டினீங்களா என்றார். இல்லை என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தார். சீனியம்மாளும் செம்பாவும் கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரூத்தம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ், "சீக்கிரம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வண்டிச் சத்தம் கேக்குமுன்னு என்று தொடங்கி, வாசல் ஈரம் காயலையே வரைக்கும் போனாள். செம்பா அதையே திருப்பிச் சொல்லி அழுதாள். அடுத்த அடி.

பித்தான் தச்சு வச்சேன், பொங்கலுக்குப் போடுமுன்னு
சட்டை இருக்கு கொடியில, போட ஒடம்பு இல்லையே

அன்றைக்கு நின்ற இடத்தைத் தாண்டிவிட்டாள். குரல் நல்ல குரல். வயலில் கேட்கிற குரல். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். காதில் விழுந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

அடி முடிந்ததும் செத்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அப்படிக் கூப்பிட்டால்தான் அந்த அழுகை அவனுக்குப் போகும் என்பது எங்கள் பக்கத்து முறை. சீனியம்மாள் வாயைத் திறந்தாள். குரல் மூக்குக்குள் போனது. மறுபடி முயன்றாள். காற்று. கை நழுவத் தொடங்கியது. செம்பா அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் திரும்பப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளால் அந்தப் பேரைச் சொல்ல முடியாது. கட்டினவன் பேரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ரூத்தம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது. நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

பாட்டு பாதியில் நின்றது. சீனியம்மாளின் கண் மூடப் போகிற கண். அது வாசல் பக்கம் திரும்பி என்மேல் நின்றது.

எங்கள் பக்கம் ஆம்பளைகள் இதில் வாய் வைப்பதில்லை. கஞ்சிச் செம்பை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ரெண்டு பேர் காலடியிலும் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு ராகம் வராது. கண்ணிலும் ஒன்றும் வரவில்லை. எங்கே இருந்து எடுக்கிறது என்றும் தெரியவில்லை. அப்புறம் வெறும் பேச்சாகத்தான் சொன்னேன்.

"பூவநாதா."

இன்னொரு தடவை சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடியது.

"ஏ, பூவநாதா. என் மகனே."

சீனியம்மாளின் கை என் தலையில் வந்து விழுந்தது.

கஞ்சி இறங்கவில்லை. மத்தியானம் கஞ்சி இறக்க மூக்கில் குழாய் போட்டார்கள். மூச்சு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.